ஐந்தாம் வார்த்தை

மார்ச் 5, சாம்பல் புதன்

லெந்து நோன்பு தொடங்கிவிட்டது. காலை ஆராதனையில் ஜெபசிங் ஐயர் ஒரு புது யோசனை சொன்னார். ஈஸ்டர் வரைக்கும் எல்லாரும் தினமும் ஒரு வரியாவது எழுத வேண்டுமாம். எதை விட்டோம், விட்ட பிறகு என்ன ஆயிற்று, அவ்வளவுதான். யாரிடமும் காட்ட வேண்டியதில்லை. எங்கள் சீயோன்விளைச் சபைக்கு அவர் குருவாக வந்து ஆறேழு மாதம்தான் ஆகிறது. சின்ன வயது. அந்த வயதில் யோசனை வரத்தான் செய்யும்.

வேலை பார்த்த காலமெல்லாம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுத்து உயிரை வாங்கியவள் நான். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வீட்டுப்பாடம் வந்திருக்கிறது. செய்யாமல் போனால் மரியாதை இல்லை.

விட்டவை: கறி, மீன், காபி. கறியும் மீனும் வருஷா வருஷம் விடுவதுதான். காபி இந்த வருஷம் புதிது. வீட்டுக்காரரிடம், "நீங்க என்னத்த விடப் போறீங்க?" என்று கேட்டேன். "உங்கூட வாதாடுதத," என்றார். அதை அவர் விட்டு வெகுகாலம் ஆயிற்று, அது கணக்கில் வராது என்றேன். அதற்கும் அவர் வாதாடவில்லை.

மார்ச் 6

தலைவலி.

மார்ச் 7

தலைவலி. ஆண்டவர் வனாந்தரத்தில் உபவாசம் இருந்தபோது அவருக்குக் காபிப் பழக்கம் இல்லை. இதை எழுதிவிட்டு அடித்துவிடலாமா என்று பார்த்தேன். யாரும் படிக்கப்போவதில்லை என்பதால் விட்டுவைத்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் ஐயர் என்னைக் கூப்பிட்டார். பெரிய வெள்ளியன்று பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை மும்மணி ஆராதனை. ஆண்டவர் சிலுவையில் பேசிய ஏழு வார்த்தைகளை ஏழு பேர் பீடத்தின் முன் நின்று விளக்குவார்கள். வழக்கமாக ஆண்களுக்குத்தான் பெரும்பாலும் கொடுப்பது. தாயைப் பற்றிய மூன்றாவது வார்த்தையை மட்டும் ஒரு பெண்ணுக்கு ஒதுக்குவார்கள், ஏதோ ரயிலில் லேடீஸ் பெட்டி மாதிரி.

"டீச்சர், இந்தத் தடவ முதல் வார்த்தைய நீங்க சொல்லணும்," என்றார் ஐயர்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே சரி என்றுவிட்டேன். எதிரில் வந்த இரண்டு பேரிடம் நானாகவே சொல்லவும் செய்தேன். பாதி வழி வந்த பிறகுதான் முதல் வார்த்தை எது என்று உறைத்தது. தன்னை ஆணியடித்தவர்களை, செய்வது இன்னதென்று அறியாதவர்கள் என்று சொல்லி, மன்னிக்கும்படி பிதாவைக் கேட்டாரே, அந்த வார்த்தை. நடு ரோட்டில் நின்றுவிட்டேன். வெயில் வேறு.

மார்ச் 11

கூழ் காய்ச்சி மொட்டை மாடியில் வற்றல் ஊற்றினேன். எதிர்வீட்டுக் கோழி எப்படியோ மேலே ஏறி இரண்டு வரிசையைக் கொத்திவிட்டது. விரட்டினேன். கோழிக்காரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. பாக்கியமணியும் நானும் பேசி இரண்டு வருஷம் ஆகிறது.

ஏன் என்று இங்கே எழுதப்போவதில்லை. லெந்து நாளில் அதையெல்லாம் கிளறக் கூடாது.

மார்ச் 13

கிளறாமல் முடியவில்லை. முதல் வார்த்தைக்குக் குறிப்பு எடுக்க உட்கார்ந்தால் அவள் முகம்தான் வருகிறது. எழுதித் தொலைக்கிறேன்.

என் மகள் பெனிட்டாவுக்குச் சின்ன வயதில் காய்ச்சல் கூடினால் வலிப்பு வரும். பள்ளிக்கூடம் சேர்த்த பிறகு நின்றுவிட்டது. அப்புறம் வரவே இல்லை. டாக்டரே மறந்துவிடச் சொன்னார். இது தெரிந்தது எங்கள் இரண்டு பேருக்கும் பாக்கியத்துக்கும்தான். அவள் என்னோடு பாவாடை கட்டிய நாளிலிருந்து கூட இருக்கிறவள். வலிப்பு வந்த அன்றெல்லாம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்சுக்கு ஓடியதும் அவள்தான். அதையும் எழுத வேண்டியது நியாயம்.

இரண்டு வருஷம் முன்பு பெனிட்டாவுக்கு நல்ல இடம் வந்தது. எல்லாம் பேசி, நிச்சயத்துக்கு நாளும் குறித்தாகிவிட்டது. மனசு கேளாமல் பாக்கியத்திடம், "கல்யாண அலைச்சல்ல பழையது எதுவும் திரும்பிரக் கூடாதுன்னு ஜெபிச்சுக்கோட்டி," என்று சொன்னேன். அந்த வாரமே பெண்கள் ஜெபக்கூட்டம். மாப்பிள்ளையின் பெரியம்மா இந்த ஊர்ச் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்திருந்தவள், அவளும் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தாள். பாக்கியம் கையை உயர்த்தி, கண்ணை மூடி, தெருமுனை வரை கேட்கிற அந்தக் குரலில், "ஆண்டவரே, எங்க பெனிட்டா பிள்ளைக்கு அந்த வலிப்பு திரும்ப வராதபடி காத்தருளும்," என்று ஜெபித்தாள். எல்லாரும் "ஆமென்" சொன்னார்கள். பெரியம்மாவும் சொன்னாள். மறுநாள் சம்பந்தம் வேண்டாம் என்று போன் வந்தது.

சண்டைக்குப் போனேன். "ஜெபம் பண்ணுனது ஒரு தப்பா?" என்று கேட்டாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது.

மார்ச் 16, ஞாயிறு

ஐயர் வாசலில் பிடித்துக்கொண்டார். "டீச்சர், நான் வந்ததுலேர்ந்து திருவிருந்துல உங்களப் பாத்ததே இல்லியே?"

எனக்குச் சர்க்கரை நோய், பசி தாங்காது, அதனால் முன்னாடியே எழுந்துவிடுவேன் என்றேன். சர்க்கரை உண்மைதான்.

அயலாரோடு சமாதானமாக இருக்கிறவர்கள் கிட்டி வரலாம் என்று திருவிருந்துக்கு முன் ஐயர் அழைப்பு வாசிப்பார். சமாதானமாக இல்லாமல் அந்த அப்பத்தை வாங்கி வாயில் போட்டுக்கொள்ள எனக்குத் துணிச்சல் இல்லை. போடுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். எனக்கு முடியாது. அதனால் இரண்டு வருஷமாகப் பக்கவாசல் ஓரம் கடைசி பெஞ்சு என் இடம். அழைப்பு தொடங்கும்போது செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன். முன்பு பாக்கியமும் நானும் ஒரே பெஞ்சு. வரிசை வரிசையாகப் பீடத்தின் முன் இருக்கிற கிராதிக்குப் போவதால் முழங்காலிலும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருப்போம்.

மார்ச் 20

லெந்து வீட்டு ஜெபம் இன்று எங்கள் வீட்டு முறை. எல்லா வீட்டுக்கும் வருகிற மாதிரி அவளும் வந்தாள். தெரு முறை, வராதே என்று சொல்ல முடியாது. நான் சுக்குக் காபி போட்டு டம்ளர்களை அடுக்கி எல்லாருக்கும் கையில் கொடுத்தேன். அவளுக்கு மட்டும் ஐயர் வீட்டம்மா கையில் கொடுத்து அனுப்பினேன். யாரும் கவனிக்கவில்லை.

படுக்கப் போகும்போது வீட்டுக்காரர், "அந்த ஒரு டம்ளரையும் நீயே குடுத்திருக்கலாம்," என்றார். லெந்துக்கு வாதாடுவதை விட்டவர் பேசுகிற பேச்சா இது?

அவள் கூட்டத்தில் நிறைய இருமினாள்.

மார்ச் 23, ஞாயிறு

கோயம்புத்தூரிலிருந்து பெனிட்டா போன். பிசியோதெரபி பார்க்கிற ஆஸ்பத்திரியில் லீவு கிடைத்துவிட்டதாம். பெரிய வியாழனன்று வந்து ஈஸ்டர் முடிந்து போவாளாம். எனக்கு முதல் வார்த்தை கொடுத்திருக்கிறார்கள் என்று பெருமையாகச் சொன்னேன். அவள் திருவிருந்தைப் பற்றிக் கேட்டாள்.

"எம்மா, ஈஸ்டருக்கு ராப்போஜனம் எடுப்பியா?"

"பாக்கலாம்."

"நீ எடுக்கலன்னா நானும் எடுக்க மாட்டேன். என்னய வச்சுத்தான நீ எந்திச்சு வெளிய போற? ஒன்னய வெளிய நிறுத்திட்டு நான் மட்டும் உள்ள போயி எப்படி முழங்கால் போடுதது?"

இது என்ன மிரட்டல் என்று கேட்டேன். மிரட்டல் இல்லை, எனக்கு வெட்கமாக இருக்கிறது என்றாள். போனை வைத்த பிறகு சோறு இறங்கவில்லை. என் கோபம் என்னை மட்டும் வெளியே நிறுத்துகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 26

போனேன்.

காலையில் குளித்து, ஜெபம் செய்து, தெருவைக் கடந்து அவள் வீட்டுப் படி ஏறினேன். பாக்கியம் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் இறந்து, மகன் மஸ்கட்டில் இருக்க, அவ்வளவு பெரிய வீட்டில் தனியாக ஒருத்திக்கு எதற்கு அத்தனை உளுந்து என்று தோன்றியது. அதைக் கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். நான் நின்றபடியே, மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"பாக்கியம், நான் ஒன்னய மன்னிச்சிட்டேன்."

முறத்தைக் கீழே வைத்தாள். "எதுக்கு?"

"எதுக்குன்னா? பெனிட்டா விசயத்துக்குத்தான்."

"நான் என்ன பண்ணுனேன், நீ மன்னிக்கதுக்கு? ஜெபிக்கச் சொன்ன, ஜெபிச்சேன். அந்தப் பொம்பள அங்க உக்காந்திருந்தது எனக்கு எப்படித் தெரியும்? கண்ண மூடித்தான ஜெபிக்கோம்!"

"கண்ண மூடுனா வாயையும் கொஞ்சம் மூடியிருக்கணும்."

"ஓகோ. மன்னிக்க வந்த லட்சணம் இதுதானா? இந்த மன்னிப்ப எடுத்துட்டுப் போயி பெரிய வெள்ளிக்குக் கோயில்ல வையி. எல்லாரும் கும்புடட்டும்."

வந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கிறவளை மன்னிக்க யாராலும் முடியும். கேட்காதவளை, தப்பே இல்லை என்கிறவளை என்ன செய்வது? 

மார்ச் 27

காபி குடித்தேன். இரண்டு டம்ளர்.

மார்ச் 30, ஞாயிறு

ஐயரிடம் நேராகச் சொல்லிவிட்டேன். முதல் வார்த்தை எனக்கு வேண்டாம், வேறு ஏதாவது கொடுங்கள். ஏன் என்று அவர் கேட்டார். மனசில் இல்லாததை மைக்கில் சொல்ல எனக்கு வராது என்றேன். "அஞ்சாவது இருக்கு டீச்சர். தாகமா இருக்குன்னு சொன்னது. அத எடுத்துக்கிறீங்களா?"

எடுத்துக்கொண்டேன். தாகம் நல்ல வார்த்தை. யாரும் யாரையும் மன்னிக்க வேண்டியதில்லை.

ஏப்ரல் 2

எதிர்வீட்டில் ராத்திரி முழுவதும் இருமல். நான் காது கொடுத்துக் கேட்கவில்லை. ஜன்னல் அந்தப் பக்கம் இருக்கிறது, அதனால் கேட்கிறது. அவளுக்கு இந்த இருமல் பங்குனி வெயிலில் வரும், சுக்கும் திப்பிலியும் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தால் அடங்கும். முன்பெல்லாம் நான்தான் வைப்பேன்.

டவுனில் டாக்டரைப் பார்த்தேன். சர்க்கரை கூடியிருக்கிறது. மாத்திரை மாற்றியிருக்கிறார். உபவாசம் எல்லாம் இருந்தால் தண்ணீராவது குடித்துக்கொண்டே இருக்க வேண்டும், வறண்டால் மயக்கம் போட்டுவிடும் என்று கண்டிப்பாகச் சொன்னார். இது வெளியே தெரியக் கூடாது. பெரிய வெள்ளியன்று சுகிர்தா டீச்சர் எச்சில்கூட விழுங்க மாட்டாள் என்று ஊரில் ஒரு பெயர் இருக்கிறது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளிடம் நானே சொல்லி வளர்த்த பெயர்.

ஏப்ரல் 6, ஞாயிறு

திருவிருந்து ஞாயிறு. அழைப்பு வாசித்தார்கள். செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 8

இருமல் நிற்கவில்லை. வீட்டுக்காரர் டவுனுக்குப் போனார், திப்பிலி வாங்கி வரச் சொன்னேன். நமக்கும் வீட்டில் இருக்கட்டும் என்றுதான்.

ஏப்ரல் 10

திப்பிலி அஞ்சறைப் பெட்டியில் அப்படியே இருக்கிறது.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

பிள்ளைகள் ஓலையை ஆட்டிக்கொண்டு பாட்டுப்பாடி ஊரைச் சுற்றினார்கள். என் இடது கண்ணில் ஒரு ஓலை குத்தியது. அது இன்று நடந்ததிலேயே சின்ன விஷயம்.

ஐயர் மும்மணி ஆராதனைக்குப் பேசுகிறவர்களை அறிவித்தார். "முதல் வார்த்தை, பாக்கியமணி அம்மா."

நான் காதில் விழுந்ததை நம்பவில்லை. ஐந்தாவதை அவளுக்குக் கொடுத்திருந்தாராம். நான் மாற்றக் கேட்டதும் இரண்டு பேருக்கும் இடம் மாற்றிவிட்டார். முடிந்ததும் ஐயரிடம் போய், தெரிந்து செய்தீர்களா தெரியாமல் செய்தீர்களா என்று கேட்டேன். "என்ன டீச்சர் தெரிஞ்சு?" என்கிறார். பச்சைப்பிள்ளை முகம். அந்த முகத்தை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது.

ஆக, மன்னிப்பைப் பற்றி அவள் பேசுவாள், நான் உட்கார்ந்து கேட்க வேண்டும். என் வாயால் வந்த வினை. இதை ஆண்டவரிடம் சொல்லி அழுதேன். கோபத்தில்தான்.

ஏப்ரல் 15

ஐந்தாம் வார்த்தைக்கு நன்றாக எழுதிவிட்டேன். எழுதும்போது ஒரு ஆள் கண்ணில் பட்டான். ஆண்டவர் தாகம் என்றதும், கடற்பஞ்சைப் புளித்த காடியில் தோய்த்துக் கோலில் மாட்டி அவர் வாயில் வைத்தவன். வேதத்தில் அவன் பெயர் இல்லை. எதிராளிக் கூட்டத்தில் நின்றவன். மன்னிப்புக் கேட்கவில்லை, மனம் திரும்பினான் என்றும் இல்லை. தாகம் என்றது காதில் விழுந்தது, கையில் இருந்ததைக் கொடுத்தான். அவனைப் பற்றியே இரண்டு பக்கம் போய்விட்டது. ஊரே அசந்து போகும்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

பெனிட்டா வந்துவிட்டாள். இளைத்திருக்கிறாள். பையை வைத்தவள் முகம் கழுவிவிட்டு எங்கேயோ போனாள். திரும்பி வரும்போது கையில் உளுந்தங்களி. கருப்பட்டி வாசனை.

"எங்க வாங்குன?"

"பாக்கியம் அத்த குடுத்தாவ. நான் வாறேன்னு செஞ்சு வச்சிருந்தாவ."

நீ வருவது அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"நான்தான் சொன்னேன். மாசத்துல ரெண்டு மூணு தடவ பேசுவேன் எம்மா. அத்த எங்கிட்ட அன்னைக்கே அழுதுட்டாவ. ஒங்கிட்ட அழத்தான் அவியளுக்கு வரல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேக்கவே இல்லியே."

காயம்பட்டவளுக்கு எப்போதோ ஆறிவிட்டது. நான்தான் கட்டைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். களியைத் தொடவில்லை. பெனிட்டா என் எதிரில் உட்கார்ந்து முழுவதையும் தின்றாள்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஓய்வு பெற்றபோது பள்ளிக்கூடத்தில் கொடுத்த ஸ்டீல் பிளாஸ்க்கில் தண்ணீர் நிரப்பி, துண்டில் சுற்றி, பைக்குள் வேதபுத்தகத்துக்கு அடியில் வைத்தேன். மூன்றாம் வார்த்தைக்குப் பிறகு ஒரு நீளமான பாட்டு உண்டு. அப்போது கோயிலுக்குப் பின்னால் போய்க் குடித்துவிட்டு வருவதாகத் திட்டம். பேச வேண்டியிருந்ததால் கடைசி பெஞ்சை விட்டு முன்னால், பேச்சாளர் பெஞ்சில் உட்கார வேண்டியதாயிற்று.

கோயில் நிறைந்துவிட்டது. எல்லாரும் வெள்ளையில். மின்விசிறிகள் அனல் காற்றைத்தான் வாரி இறைத்தன. பாக்கியம் எழுந்து மைக் முன் போனாள். வெள்ளைச் சேலை, தலையில் முக்காடு. நேற்று சாயந்தரத்திலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காத உதடு. நன்றாகத்தான் தொடங்கினாள். அந்தக் குரலில் என்ன சொன்னாலும் நன்றாகத்தான் இருக்கும். மன்னிப்பு என்பது என்ன என்று சொல்ல வாயெடுத்தபோது இருமல் வந்தது.

ஒரு தடவை. இரண்டு தடவை. சமாளித்துக்கொண்டு மறுபடி தொடங்கினாள். அப்புறம் நிற்கவே இல்லை. மைக் அதைக் கோயில் முழுவதும் கொண்டுபோனது. கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை உள்ளே ஓடி, வெறும் கையோடு திரும்பி வந்தார். உபவாச நாள் என்று குடத்தைக் காலையிலேயே கவிழ்த்துவிட்டார்கள். எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாரிடமும் தண்ணீர் இல்லை.

என்னிடம் இருந்தது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? ஊருக்கே கேட்க ஜெபிக்கத் தெரிந்த தொண்டை ஊருக்கு முன்னால் அடைத்துக்கொண்டதே என்று இருந்தது. இருமட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். எடுத்துக் கொடுத்தால் என் உபவாச லட்சணம் சந்தி சிரிக்கும் என்பதும் சேர்ந்துகொண்டது. மடியில் நான் எழுதிய தாள் விரிந்து கிடந்தது. காடி கொடுத்தவன். இரண்டு பக்கம்.

அவள் இடது கையால் நெஞ்சைப் பிடித்தாள். அந்தப் பிடி எனக்குத் தெரியும். அதற்கு மேல் அவளுக்கு மூச்சு வாங்கும்.

எழுந்தேன். பையில் கைவிட்டால் பிளாஸ்க் வரவில்லை, துண்டு சிக்கிக்கொண்டது. வேதபுத்தகம் கீழே விழுந்தது. ஒருவழியாக எடுத்துக்கொண்டு மேலே போய், மூடியில் ஊற்றி அவள் வாயில் வைத்தேன். குடித்தாள். இன்னொரு மூடி ஊற்றினேன். குடித்தாள். கண்ணைத் திறந்து பிளாஸ்க்கைப் பார்த்தாள், என் பெயர் வெட்டியிருக்கிற பிளாஸ்க். என்னைப் பார்த்தாள். தணிந்த குரலில் கேட்பதாக நினைத்துக்கொண்டு கேட்டாள்:

"ஏட்டி, பெரிய வெள்ளிக்கு நீ தண்ணி குடிப்பியா?"

மைக் ஓடிக்கொண்டிருந்தது. சபை மொத்தமும் கேட்டது. மறுபடியும் இவள், மறுபடியும் எல்லார் முன்னாலும், மறுபடியும் என் வீட்டு ரகசியம். எனக்குக் காது வரை சுட்டது. அந்தத் தண்ணீரை அவள் தலையில் கொட்டியிருப்பேன். அவள் முகத்தைப் பார்த்தேன். ஒரு விஷமமும் இல்லை. உண்மையிலேயே பதறிப்போய்க் கேட்கிறாள். இவளுக்கு மைக் இருப்பது தெரியாது. பெரியம்மா இருந்ததும் இவளுக்குத் தெரியாது. செய்வது இன்னதென்று அறியாத ஒருத்தி உலகத்தில் உண்டென்றால் அது இவள்தான்.

"குடிப்பேன்," என்றேன். "சுகரு கூடிருச்சு. டாக்டர் சொல்லிட்டாரு. நீயும் குடி."

அதுவும் மைக்கில் போயிற்று. பெரிய வெள்ளியன்று கோயிலுக்குள் சிரிப்புச் சத்தம் நான் கேட்டதில்லை. இன்று கேட்டேன். முதலில் சிரித்தது என் வீட்டுக்காரர் என்று நினைக்கிறேன்.

பாக்கியம் அதற்கு மேல் பேசவில்லை. "மன்னிக்கதப் பத்தி எழுதிட்டு வந்தேன். இப்ப ஒண்ணும் ஞாபகம் இல்ல," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். பெஞ்சில் என் பக்கத்தில்தான் இடம் இருந்தது.

என் முறை வந்தபோது தாளை எடுத்துக்கொண்டு போனேன், ஆனால் படிக்க முடியவில்லை. "ஆண்டவருக்குத் தாகம் எடுத்தது. அவர் வெட்கப்படாமல் சொன்னார். எனக்கும் தாகம் இருந்தது. நான் பைக்குள் ஒளித்து வைத்திருந்தேன்," என்றேன். தண்ணீரைத்தான் சொல்கிறேன் என்று சபை நினைத்திருக்கும். நினைக்கட்டும். ஆமென் சொல்லிவிட்டு இறங்கினேன்.

ஏப்ரல் 19, சனி

பால்காரர் முதல் எல்லாரும் சர்க்கரை எவ்வளவு என்று கேட்கிறார்கள். பெயர் போயிற்று. பாகற்காய் நாலு வீட்டிலிருந்து வந்திருக்கிறது.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

விடிவதற்கு முன்பே மணி அடித்துவிட்டது. கடைசி பெஞ்சுக்குத்தான் கால் போனது. பெனிட்டா முழங்கையைப் பிடித்து முன்னால் கூட்டிக்கொண்டு போனாள்.

அழைப்பு வாசித்தார்கள். செருப்பு வாசலில் கிடந்தது. போடவில்லை.

மன்னித்துவிட்டேனா என்று கேட்டால் தெரியாது. கோபம் முழுவதும் போகவில்லை. நாளைக்குக் கோழி வற்றலைக் கொத்தினால் திரும்பி வந்துவிடும் என்றுதான் தோன்றுகிறது. ஒரு நாளில் முடிகிற வேலை என்று நினைத்திருந்தேன். பாத்திரம் துலக்குகிற மாதிரி தினமும் செய்ய வேண்டியது போலிருக்கிறது. ஆனாலும் நம்பிப் போனேன். முழங்காலிட்டேன். இந்தப் பக்கம் பெனிட்டா, அந்தப் பக்கம் பாக்கியம். ஐயர் திராட்சரசப் பாத்திரத்தைக் கொண்டு வந்தார். பாக்கியம் வாய் வைத்தாள். ஐயர் விளிம்பைத் துடைத்து என்னிடம் நீட்டினார். இருமுகிறவள் குடித்த பாத்திரம். குடித்தேன். என் வாயிலிருந்து என் மகளுக்குப் போயிற்று.

இரண்டு வருஷத்தில் அந்த ருசி மறந்திருந்தது. அழுதேன். இந்தத் தடவை கோபத்தில் இல்லை.

ஏப்ரல் 21

லெந்து முடிந்துவிட்டது. எழுத வேண்டியதில்லை. ஆனால் இதை விட முடியாது.

காலையில் பெனிட்டாவை பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். திப்பிலியும் சுக்கும் தட்டிக் கஷாயம் வைத்து, எதிர்வீட்டுக்குக் கொண்டுபோகச் சேலையைச் சரி செய்துகொண்டிருக்கும்போதே பாக்கியம் உள்ளே வந்துவிட்டாள். கையில் என் பிளாஸ்க். பெரிய வெள்ளியன்று அவள் கையோடு போய்விட்டிருந்தது.

"காபி. சீனி போடல," என்று மேசையில் வைத்தாள்.

நான் கஷாயத்தைக் கொடுத்தேன். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். நான் சீனியில்லாக் காபியை முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தேன். பழைய விஷயத்தை அவள் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. போவதற்கு எழுந்தவள் வாசலில் நின்று, முந்தானை நுனியைத் திருகினாள்.

"ஏட்டி, ஒன் சுகருக்காக ஒரு ஜெபம் பண்ணட்டா?"

பிளாஸ்க்கை மூடி வைத்தேன். "பண்ணு," என்றேன். "மனசுக்குள்ள பண்ணு."

பாக்கியம் என் கையைப் பிடித்தாள். கண்ணை மூடினாள். உதடு மட்டும் அசைந்தது. சத்தம் வரவில்லை. வெகு நேரம் அப்படியே நின்றாள். கண்ணோரத்தில் தண்ணீர் இறங்கி முகவாய்க்கு வந்தது, துடைக்கவில்லை. எனக்காகத்தான் ஜெபித்தாளா, வேறு எதற்காகவா, எனக்குக் கேட்கவில்லை. ஆனாலும் அவள் கண்ணைத் திறந்ததும் நான் சத்தமாக ஆமென் சொன்னேன்.